உஷார்! பழைய அமெரிக்க வேகனுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா?

நைட்டிக்குப் பேர்போன ஊர் எங்கள் தளவாய்புரம். ராப்பகலாகத் தையல் மிஷின் ஓட்டி, சீட்டுப் போட்டுத்தான் இங்கே காசு சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த காசில் எனக்கு மச்சான் முறையுள்ள ஒருவர் போன மாதம் பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன் ஒன்றுக்கு அட்வான்ஸ் அனுப்பப் பார்த்தார். கையில் இருந்தது செல்போனில் வந்த நாலு போட்டோ மட்டும். "கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டா ரெண்டே வருஷத்துல போட்ட காச எடுத்துரலாம் மாப்ள" என்றார். நல்லவேளை, பணம் போவதற்கு முன்னே கேட்டார். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இப்படி யோசிக்கிற ஒவ்வொருவரும் கொஞ்சம் நின்று படியுங்கள்.

இன்ஜினைப் பாருங்கள்

பிளைமவுத், டாட்ஜ், செவர்லே எல்லாம் ஒருகாலத்தில் நம் நாட்டிலேயே பூட்டப்பட்ட வண்டிகள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் தொழிற்சாலை போட்டது. 1950-களில் அரசின் கொள்கை மாறியதும் 1954-ல் அந்தக் கம்பெனி மூட்டையைக் கட்டியது. அதன்பின் பெட்ரோல் விலை ஏற ஏற, அந்தப் பெரிய வண்டிகளில் பலவற்றில் சொந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். பெர்கின்ஸ், மெட்டடார் என்று எது கிடைத்ததோ அது.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டி மட்டுமே விண்டேஜ். அதன் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்ஜின் மாறிய வண்டிக்கு அந்தப் பதிவு கிடைப்பது கடினம். சேகரிப்பவர்கள் கொடுக்கிற விலையும் அந்த வண்டிக்குக் கிடைக்காது. மாற்றிய இன்ஜின் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால், நீங்கள் விலைகொடுத்து வாங்குவது வழக்கைத்தான்.

வாடகைக் கனவு வேண்டாம்

விண்டேஜ் பதிவே கிடைக்கிறது என்று வையுங்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்து வரும். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி கிடையாது.

சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், 2025 ஆகஸ்டில் வந்த கட்டணத்தைப் பாருங்கள். 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். அது இறக்குமதிக் காராக இருந்தால் 80,000 ரூபாய்! அப்போதும் சொந்தப் பதிவு வண்டியை வாடகைக்கு விடக் கூடாது.

வேகனுக்கென்றே ஒரு செலவு

செடான் காரின் இன்ஜின், பிரேக் சாமான்களையாவது தேடிப் பிடிக்கலாம். வேகனின் நீண்ட கூரை, பக்கவாட்டுக் கண்ணாடி, பின்கதவு எல்லாம் அந்த வண்டிக்கு மட்டுமே உரியவை. சுமை ஏற்றி அடிபட்டு நொறுங்கிய இனம் என்பதால் மிஞ்சியவை கொஞ்சம். அமெரிக்காவில் பேர்பெற்ற செவர்லே நோமாட் வேகனே 1955 முதல் 1957 வரை மூன்று ஆண்டுகளில் 22,000 சொச்சம்தான் செய்யப்பட்டது. ஒரு பின்கதவுக் கண்ணாடி உடைந்தால், கடல் கடந்து தேட வேண்டும். சுங்கமும் கப்பல் கூலியும் உங்கள் தலையில்.

துருவை இன்னும் கவனமாகப் பாருங்கள். கடலோர ஊரில் கிடந்த வண்டியில் துரு தின்ற இடத்தைப் பட்டி போட்டு நிரப்பி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, பின்தளம், சக்கர வளைவு எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான். டிங்கரிங் செலவு வண்டி விலையையே தாண்டிப்போவது உண்டு.

பெட்ரோலையும் கணக்கிடுங்கள். பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால், ராஜபாளையத்திலிருந்து மதுரை போய்வர 170 கிலோமீட்டருக்கு 34 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 3,400 ரூபாய், ஒரே பயணத்துக்கு!

பணம் கொடுக்கும் முன்

* அசல் ஆர்.சி. கையில் வராமல் ஒரு ரூபாய் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.
* சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் நேரில் பார்த்து ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். எண் மேல் ராவியிருந்தாலோ புதிதாக அடித்த தடம் இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள்.
* உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாறிய பிறகே பேசுங்கள்.
* வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று கேளுங்கள்.
* ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
* பழைய இன்ஜின் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவர் சொல்லும் ரிப்பேர் தொகையை வண்டி விலையோடு கூட்டுங்கள். அதுதான் உண்மையான விலை.

பழைய வண்டி மேல் ஆசை வைப்பது தப்பே இல்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் போய் வாருங்கள், முறையாகக் காக்கப்பட்ட கார் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். எங்கள் மச்சான் ஆர்.சி. நகல் கேட்டு இன்றோடு இருபது நாள். விற்பவரிடமிருந்து போட்டோ மட்டும்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மச்சான் அனுப்பவிருந்த பணம் பத்திரமாக வங்கியில் கிடக்கிறது. உங்கள் பணமும் அங்கேயே இருக்கட்டும், ஆர்.சி. வரும்வரை.