சாங்கி வில்லேஜ்

சிங்கப்பூரின் கிழக்கு முனையில் சாங்கி வில்லேஜ் அமைந்துள்ளது. 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையம் இதற்கு மிக அருகில் இருக்கிறது. ஆனாலும், விமான நிலையத்தின் பரபரப்பு இங்கு இல்லை. பெருவிரைவு ரயில் நிலையமும் இல்லாததால், பெரும்பாலோர் பேருந்தில்தான் வருகின்றனர்.

இங்குள்ள உணவங்காடி நிலையம் நாசி லெமாக்கிற்குப் பெயர்பெற்றது. அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குச் சிறு படகுகள் செல்கின்றன. அவற்றுக்குக் கால அட்டவணை கிடையாது. 12 பயணிகள் சேர்ந்ததும் படகு புறப்படும். அவசரமாகச் செல்ல விரும்புவோர், 12 பேருக்கான கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

படகுத்துறைக்கு அருகிலுள்ள பாலத்தைக் கடந்தால் சாங்கி கடற்கரையை அடையலாம். குடும்பங்கள் கூடி மகிழும் இக்கடற்கரைக்குத் துயரமான வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த ஐந்தே நாள்களில், அதாவது 1942 பிப்ரவரி 20ஆம் தேதி, 66 ஆண்கள் இங்கே நீரோரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் போர்வீரர்கள் அல்லர், பொதுமக்கள். அச்செய்தியைக் கூறும் நினைவுச்சின்னம் ஒன்று இங்கு உள்ளது.

இன்று இக்கடற்கரைக்கு வரும் சிறுவர்கள், தாழப் பறந்து தரையிறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்து மகிழ்கின்றனர். அந்த நினைவுச்சின்னத்தின் முன்னும் அவர்கள் சற்று நின்று படித்தால், தாம் அனுபவிக்கும் அமைதியின் அருமையை உணர்வார்கள்.