ஆதிக்கும் பகவனுக்கும் நடுவே ஒரு எண்டர்

கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் திருக்குறள் கிடைக்கிறது. மூலத்தை மட்டும், குறளுக்கு இரண்டு வரியாக, நடுவில் காலி வரி விடாமல் ஒரு கோப்பில் போட்டால் 2660 வரி. லினக்ஸ் டெர்மினலில் கிரெப் கட்டளையைக் கொண்டு அதில் 'ஆதி பகவன்' என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் வராது. முதல் குறளே அகப்படவில்லை!

கிரெப் ஒவ்வொரு வரியாகத்தான் எடுத்துப் பார்க்கும். அதுவும் வரியின் கடைசியில் உள்ள புதுவரிக் குறியைக் கழற்றி வைத்துவிட்டு. 'ஆதி' மேல் வரியில் முடிகிறது, 'பகவன்' கீழ் வரியில் தொடங்குகிறது. எந்த ஒரு வரியிலும் இரண்டும் சேர்ந்து இல்லை.

தேடுசொல்லின் நடுவிலேயே எண்டர் தட்டினால்? வரிகள் வரும், ஆனால் கேட்டது அதுவல்ல. தேடுசொல்லில் வரும் புதுவரியை கிரெப் 'அல்லது' என்று எடுத்துக்கொள்ளும். எனவே 543-ஆம் குறளின் 'ஆதியாய்' உள்ள வரியும் வந்து நிற்கும். வரி தாண்டித் தேட, டிஆர் கட்டளையால் புதுவரிகளை இடைவெளிகளாக மாற்றிவிட்டுத் தேடலாம். பொருந்திய துண்டை மட்டும் காட்டும் மைனஸ் ஓ மறந்தால் 1330 குறளும் திரையில் கொட்டும்.

மேற்கோள் குறிகளுக்குள் எதுவுமே இல்லாமல் தேடினால் எல்லா வரியும் வரும், காலி வரி உட்பட. வெற்றுச் சரம் எதற்குள்ளும் அடங்கும் என்பது கணக்கு. (1973-இல் கென் தாம்ப்சன் கிரெப்பைப் பிரித்தெடுத்த ஈடி என்னும் எடிட்டரில், வெற்றுத் தேடல் என்றால் முந்தைய தேடலையே திரும்பச் செய் என்று அர்த்தம்.) கிரெப்பின் வெற்றுத் தேடலோடு மைனஸ் சி சேர்த்தால் வரிக் கணக்கு கிடைக்கும். கடைசி வரிக்குப் பின் எண்டர் இல்லாவிட்டாலும் 2660 என்றே சொல்லும்; புதுவரிக் குறிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளை 2659 என்னும்.

வம்பு வருவது தேடுசொற்களின் பட்டியலில். அனிச்சம், குவளை, நெருஞ்சி என்று வரிக்கு ஒன்றாகக் கோப்பில் எழுதி மைனஸ் எஃப் வழியாகக் கொடுக்கிறீர்கள். கடைசியில் ஒரு காலி வரி தங்கிவிட்டால் போதும், அதுவும் வெற்றுத் தேடல்தான். முழுத் திருக்குறளும் பூவாகிவிடும். வரியே இல்லாத காலிக் கோப்பைக் கொடுத்தாலோ, குனு கிரெப் எதையும் காட்டாது. பட்டியலில் முதலில் '^$' என்று தேடினால் காலி வரி சிக்கும். விண்டோஸில் எழுதிய பட்டியலென்றால் சிக்காது: ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை டிஆர் கொண்டு நீக்கும்வரை குவளையும் கிடைக்காது.