மலை உச்சியில் ஹாம் ரேடியோ

செல்போன் டவரும் இன்டர்நெட்டும் செயல் இழந்துவிட்டால் வெளியூருடன் எப்படிப் பேசுவது? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மாமல்லபுரம் உட்படப் பல கடற்கரைகளைத் தாக்கியது. அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அப்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு ஹாம் ரேடியோ நிலையம் அமைத்திருந்தது. உலக நாடுகளின் ஹாம்களுடன் பேசக் கொண்டு சென்ற அந்தச் சாதனங்களே, தீவில் இருந்தவர்களைப் பற்றிய தகவல்களை வெளியே அனுப்பப் பயன்பட்டன.

ஹாம் ரேடியோ என்பது அரசு லைசென்ஸ் பெற்ற தனி நபர்கள், லாப நோக்கமின்றி ரேடியோ அலைகள் வழியே தொடர்பு கொள்ளும் பொழுதுபோக்கு. சாதனங்களைத் தூக்கிச் சென்று பேட்டரியில் இயக்கவும் பழகியிருந்தால்தான் ஆபத்தில் உதவும். அந்தப் பழக்கத்தைத் தருவது மலை ஏறும் ரேடியோ.

உயரம் ஏன்?

கையடக்க ஹாம் கருவிகள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பயன்படுத்துகின்றன. இவை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவும் கட்டடங்களும் தடுத்துவிடும். எவ்வளவு தூரம் எட்டும்? ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். மாமல்லபுரம் கடற்கரையில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்தால் சுமார் 6 கிலோ மீட்டர். அருகில் உள்ள திருக்கழுக்குன்றம் மலை சுமார் 500 அடி, அதாவது 150 மீட்டர். அந்த உயரத்தில் இருந்து 50 கிலோ மீட்டர் எட்டும்! எதிர்முனை ஆன்டெனாவும் உயரமாக இருந்தால் தூரம் இன்னும் கூடும்.

சோட்டா

'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்பதன் சுருக்கம் சோட்டா. 2002-ல் பிரிட்டனில் தொடங்கிய திட்டம். பட்டியலில் உள்ள சிகரத்தில் ஏறி, குறைந்தது 4 நிலையங்களுடன் தொடர்பு கொண்டால் புள்ளிகள் கிடைக்கும். கடைசிப் பகுதியை வாகனத்தில் கடக்கக் கூடாது. வீட்டில் இருந்து அவர்களுடன் பேசுபவருக்கும் புள்ளிகள் உண்டு.

கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

2017-ல் வெளியான 'எப்டி 8' முறையில், ரேடியோவை லேப்டாப்பின் சவுண்ட் கார்டுடன் இணைக்க வேண்டும். 15 விநாடிக்கு ஒரு சிறு செய்தி செல்லும். காதுக்குக் கேட்காத அளவு பலவீனமான சிக்னலையும் சாப்ட்வேர் படித்துவிடும். இதற்கான 'டபிள்யு.எஸ்.ஜே.டி. எக்ஸ்' சாப்ட்வேர் இலவசம். கம்ப்யூட்டர் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஓரிரு விநாடி பிசகினாலும் செய்தி கிடைக்காது. மலையில் இன்டர்நெட் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். மூலம் நேரத்தைச் சரிசெய்யலாம்.

நீங்களும் கேட்கலாம்

ஒலிபரப்பத் தேர்வு எழுதி லைசென்ஸ் பெற வேண்டும். கேட்டுப் பார்க்க உங்கள் கம்ப்யூட்டரே போதும்.

1. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள 'வெப் எஸ்.டி.ஆர்.' ரிசீவரை இன்டர்நெட்டில் தேடித் திறக்கவும்.

2. இந்திய நேரப்படி மாலையில், அலைவரிசைக் கட்டத்தில் 14200 என டைப் செய்யவும்.

3. யு.எஸ்.பி. பட்டனை அழுத்தவும். இது பென் டிரைவ் செருகும் யு.எஸ்.பி. அல்ல, ஒலியைப் பிரிக்கும் ஒரு முறை.

4. குரல் வாத்துக் கத்துவது போல இருந்தால், அலைவரிசையைச் சிறிது சிறிதாக மாற்றவும். பேச்சு தெளிவாகும்.