விழுப்புரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின் வழியே புதிய சாலை ஒன்று வரப்போவதாக வைத்துக்கொள்வோம். அது எந்தெந்த வயல்களை வெட்டிச் செல்லும்? இது வெறும் விளையாட்டுக் கணக்கு அன்று. ஒரு துண்டு நிலம் விடுபட்டுப் போனாலும், அதற்குரியவருக்கு அறிவிப்பும் போகாது, இழப்பீடும் கிடைக்காது.

கணிப்பொறிக்கு ஒவ்வொரு வயலும் ஒரு பலகோணம். மூலைகள் இருக்கும் இடங்களை எண்களாகக் கொடுத்துவிட்டால், கோடு அதை வெட்டுகிறதா என்று கண நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் பத்து லட்சம் வயல்கள் இருந்தால் பத்து லட்சம் முறை சோதிக்க வேண்டும். எங்கோ செஞ்சிக்கு மேற்கே கிடக்கும் வயலையும் விடாமல் சோதிப்பது வீண் வேலை அல்லவா? ஆகவே வயல்களை முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும்.

இந்த உபாயம் கணிப்பொறிக்கு முந்தியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்களைப் பாருங்கள். முதலில் 4 பாகைக்கு 4 பாகை கொண்ட பெரிய கட்டங்கள். அவற்றுள் ஒவ்வொன்றும் 16 ஆகப் பிரிந்து ஆங்கில எழுத்துகளைப் பெறும். அந்த ஒரு பாகைக் கட்டமும் மறுபடி 16 ஆகப் பிரிந்து எண் பெறும். திண்டிவனம் 57 பி/12-இல் உள்ளது (இந்தப் 'பி' ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தன்று, பதினாறாம் எழுத்து). இரண்டு ஊர்களுக்கும் இடையே 12 பாகை அட்சக்கோடு ஓடுவதால், விழுப்புரம் 58-ஆம் கட்டத்திற்குப் போய்விடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கான தாள்களில் வேறு எண்முறை வந்துவிட்டது. ஆயினும் நமக்குப் பழையதே எளிது.

57, 58 ஆகிய இரண்டு பெருங்கட்டங்களிலும் சேர்த்து 512 தாள்கள். நம் கோடு தொடுவதோ 58 எம்/5, 58 எம்/9, 57 பி/12 என்னும் மூன்றை மட்டுமே! மற்ற 509 தாள்களைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

ஆனால் சமமான கட்டங்களில் ஒரு குறை உண்டு. மரக்காணம் இருக்கும் 57 பி/16-இல் ஒரு பகுதி வங்கக் கடல். அங்கே ஏது வயல்? நெருக்கமான இடத்தை மட்டும் மேலும் மேலும் நான்காகப் பிரித்து, வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன? இவ்வாறு அமைவதே நாற்கிளை மரம். 1974-இல் ஃபிங்கெல், பென்ட்லி என்னும் இருவர் இவ்வகை அமைப்பை வெளியிட்டனர். நான்காகப் பிரிப்பதைப் பத்து முறை செய்தால் 10,48,576 சிறு கட்டங்கள் வந்துவிடும். எனவே அவற்றுள் ஒன்றைத் தேடிப் பிடிக்கப் பத்தே படிகள் போதும்.

உண்மையான தொல்லை எல்லையில்தான் இருக்கிறது. 79 பாகை 30 கலை தீர்க்கக்கோடு விழுப்புரம் நகரின் மீதே செல்கிறது. ஊர் இரண்டு தாள்களில் பாதி பாதியாகக் கிடக்கிறது! கோட்டின் மேல் கிடக்கும் வயலை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? ஒன்றில் மட்டும் சேர்த்தால், மற்றதில் தேடுபவர் கண்ணில் படாது. நாம் முதலில் அஞ்சிய பிழை இப்படித்தான் நேரும். இரண்டிலும் எழுதி வைத்தால் பிழை வராது. ஆனால் இடம் பெருகும்.

1984-இல் குட்மன் என்பவர் வேறு வழி சொன்னார். வயலை வெட்டாதீர்கள், அதைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி வரையுங்கள். அருகருகே உள்ள பெட்டிகளைச் சேர்த்துப் பெரிய பெட்டி, அவற்றைச் சேர்த்து இன்னும் பெரிய பெட்டி. இதற்கு ஆர்-மரம் என்று பெயர். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சில வேளை இரண்டையும் திறந்து பார்க்க நேரும். எனினும் எந்த வயலும் துண்டாவதில்லை. மூலை மடங்கிய வயலாயின், கோடு பெட்டியைத் தொட்டும் வயலைத் தொடாமல் போகலாம். ஆகவே கடைசியில் மிஞ்சும் சில வயல்களை மட்டும் கணிப்பொறி பலகோணமாகவே சோதித்து முடிவு சொல்கிறது.

உங்கள் ஊரின் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் பள்ளி நிலப்படத்தில் இருக்கும். எழுத்துகளும் எண்களும் வடமேற்கு மூலையில் தொடங்கி, மேலிருந்து கீழாக நான்கு நான்காக இறங்கும். 57-இன் வடமேற்கு மூலை 16 பாகை வடக்கு, 76 பாகை கிழக்கு. 58 அதற்கு நேர் கீழே உள்ளது. உங்கள் ஊர் எந்தத் தாளில் விழுகிறது என்று கண்டுபிடியுங்கள், பார்ப்போம்!