வாட் கணக்கும் கருகும் பிளக்கும்

மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய இரண்டு அளவுகள் தெரிந்துவிட்டால், ஒரு மின்சாதனத்தின் மின்தடையை ஒரு வகுத்தலாலும் மின்திறனை ஒரு பெருக்கலாலும் கண்டுவிடலாம். மின்னூட்டத்தைச் சுற்றின் வழியே செலுத்தும் உந்துதலாகிய மின்னழுத்தம் வோல்ட்டிலும், ஒரு நொடியில் கடந்துசெல்லும் மின்னூட்டத்தின் அளவாகிய மின்னோட்டம் ஆம்பியரிலும் அளக்கப்படுகின்றன. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓம் என்னும் அலகில் மின்தடையும், இரண்டையும் பெருக்கினால் வாட் என்னும் அலகில் மின்திறனும் கிடைக்கின்றன. பள்ளிப் பாடநூலில் இரண்டு வரிகளில் முடிந்துவிடும் இக்கணக்கு, வீட்டுச் சுவரில் உள்ள பிளக் ஏன் கருகுகிறது என்பது வரை விளக்க வல்லது.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை நிறுவிய கியோர்க் சைமன் ஓம், 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவர் நடத்திய முதல் சோதனைகளில், வோல்ட்டா வகை மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காமல் அளவீடுகளைக் குழப்பியது. ஆகவே பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரின் வெப்பத்திலும் மற்றொன்றைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்துக் கிடைத்த, சிறியதாயினும் மாறாத மின்னழுத்தத்தைக் கொண்டு அவர் கம்பிகளை ஆராய்ந்தார். 1827இல் நூலாக வந்த அம்முடிவுகளுக்குத் தாய்நாட்டில் உடனடி வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் கோப்லி பதக்கம் அளித்தபோதுதான் உரிய மதிப்புக் கிடைத்தது.

ஓமைத் தொல்லைப்படுத்திய அந்த மின்னழுத்த ஏற்றத்தாழ்வு இன்றும் வீடுகளில் கணக்கை மாற்றுகிறது. 230 வோல்ட், 1000 வாட் என்று குறிக்கப்பட்ட இஸ்திரிப் பெட்டி, முழு அழுத்தத்தில் ஏறத்தாழ 4.35 ஆம்பியர் எடுக்கும் என்பதால் அதன் மின்தடை 52.9 ஓம் ஆகிறது. உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை வெப்பத்தால் மிகக் குறைவாகவே மாறுவதால், மாலையில் அழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கும்போதும் அதே 52.9 ஓமைக் கொண்டே கணக்கிடலாம். அப்போது மின்னோட்டம் 3.4 ஆம்பியராகவும், திறன் சுமார் 612 வாட்டாகவும் குறையும். அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தால் திறனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைவதற்குக் காரணம், திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே. இதனால் கட்டணம் மிச்சமாகும் என்று கருதுவது சரியன்று; துணியைத் தேய்த்து முடிக்க அவ்வளவுக்கு நேரம் கூடும், அந்த நேரமெல்லாம் வெப்பம் காற்றில் கரையும்.

தடை மாறாது என்னும் அந்த வசதி எல்லாச் சாதனங்களுக்கும் கிடையாது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 882 ஓம். ஆனால் அதைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால், குளிர்ந்த டங்ஸ்டன் இழை அதில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவானதையோதான் காட்டும். சுவிட்சைப் போட்ட நொடியில் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதும், பழைய பல்புகள் பெரும்பாலும் அந்த நொடியிலேயே இழை அறுந்து போவதும் இதனால்தான்.

கணக்கு மிகவும் பயன்படும் இடம் சாதனமன்று, அதற்குச் செல்லும் வழி. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 20 மீட்டர் ஓடி அங்கு சேர்ந்தால், போகவும் வரவுமாக 40 மீட்டருக்கு 0.7 ஓம் அளவில் தடை இருக்கும். அதில் 6 வோல்ட் விழுந்து 50 வாட்டுக்கு மேல் வெப்பமாகிவிடும். அது 40 மீட்டரிலும் பரவிவிடுவதால் கண்ணுக்குப் படாது. ஆனால் பிளக்கின் தளர்ந்த முனை ஒன்றில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும் விதிப்படி, பட்டாணி அளவு இடத்தில் சுமார் 36 வாட் வெப்பம் குவிகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அது அதிகம் என்பதை எண்ணிப் பார்த்தால், பிளக் கருகுவதில் வியப்பில்லை. மீட்டருக்கு எட்டாத சிறு தடையும் பெரிய மின்னோட்டத்தில் ஆபத்தானது என்பதையே வீட்டு மின்தீ விபத்துகளில் பல காட்டுகின்றன.

மோட்டாருள்ள மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றில் மாறுதிசை மின்னோட்டம் அழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருவதால், இரண்டையும் பெருக்கியதை மேலும் திறன் காரணியால் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் காரணி 0.8 எனில், அதன் திறன் 920 அன்று, 736 வாட். இம்மின்னோட்டத்தை அளக்கக் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்துவோர் அதன் வளையத்துக்குள் ஒரே ஒரு கம்பியை மட்டும் விட வேண்டும். போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து நுழைந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்.

இதே பெருக்கல் கணக்கின்படி, 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட் மட்டுமே. கீசர், மின் அடுப்பு ஆகியவற்றை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் இணையுங்கள். சாதனம் சற்று நேரம் ஓடிய பின் பிளக் தொடும்போது சுட்டால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.