கல்லுக்கும் வேண்டும் தாய்ப்பத்திரம்

வீட்டுக்கடன் கோரி வருவோரிடம் வங்கி முதலில் கேட்பவற்றுள் ஒன்று தாய்ப்பத்திரம். மனை எத்துணைச் சிறப்பானதாயினும், அது எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்னும் வரலாறு தெளிவாக இல்லையெனில் அதன் மதிப்பு ஐயத்திற்குரியதாகிவிடும். சேகரிப்பாளர்கள் ஆர்வத்துடன் தேடும் கற்காலக் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஐரோப்பாவில் கிடைக்கும் இத்தகைய கருவிகள் பல சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளில் கட்டி கட்டியாகக் காணப்படும் இக்கல், உரிய கோணத்தில் தட்டினால் கண்ணாடியைப் போல் கூரிய சில்லுகளாகப் பெயரும். இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில் உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னுமிடத்தில், நல்ல கல்லை நாடிப் புதிய கற்கால மக்கள் மான்கொம்புகளைக் கொண்டே 400-க்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகளைத் தோண்டியுள்ளனர்.

உள்ளங்கையில் அடங்கும் கைக்கோடரி ஒன்றைப் பற்றிப் பார்ப்பவருக்கு அதன் ஈர்ப்பு உடனே விளங்கும். அதைச் செய்தவரின் ஒவ்வோர் அடியும் தழும்பாக அதன்மேல் நிலைத்திருக்கிறது. அரசரின் முடியோ செல்வரின் அணியோ அன்று. ஒருவரின் அன்றாட உழைப்புக் கருவி அது.

காத்திருந்த கடிதம்

1797-ஆம் ஆண்டில் ஜான் பிரேர் என்பவர், இங்கிலாந்தின் ஹாக்சன் என்னும் ஊரில் செங்கல்லுக்கு மண் எடுத்த குழியிலிருந்து கிடைத்த கைக்கோடரிகளை இலண்டன் தொல்பொருள் கழகத்திற்கு அனுப்பினார். அவை ஏறத்தாழ 12 அடி ஆழத்தில் கிடைத்ததையும், மேலே இருந்த மண்ணடுக்குகளையும் கடிதத்தில் வரிசையாகக் குறித்தார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் இலர். 1859-இல் பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இத்தகைய கருவிகளை ஆராய்ந்து திரும்பிய ஜான் எவான்ஸ், பிரேர் அனுப்பிய கற்களைக் கண்டு வியந்தார். மனித குலத்தின் தொன்மைக்கு அக்கற்களோடு அக்கடிதமும் சான்றாயிற்று.

விலை வந்தது, போலியும் வந்தது

கருவிகளுக்கு விலை கிடைக்கத் தொடங்கியதும் போலிகள் பெருகின. 1863-இல் பிரான்சின் அபேவில் நகரருகே, ஆய்வாளர் பூஷே தெ பெர்த் பரிசு அறிவித்திருந்த நிலையில், மனிதத் தாடையெலும்பு ஒன்று கைக்கோடரிகளுடன் ‘கண்டெடுக்கப்பட்டது’. பின்னர் அது ஏமாற்று வேலை என்று அறியப்பட்டது. இங்கிலாந்தில் ‘பிளின்ட் ஜாக்’ என்று பெயர்பெற்ற எட்வர்ட் சிம்ப்சன், தாமே செய்த அம்பு முனைகளைப் பழம்பொருள்கள் எனக் கூறி விற்றுவந்தார்; 1862-இல் அறிஞர்கள் கூடிய அவையிலேயே அவற்றைச் செய்தும் காட்டினார். கல்லின் வடிவத்தை மட்டும் நம்பி வாங்குவதன் இடர் இதனால் புலப்படும்.

நம் நாட்டில்

இந்தியாவின் பழைய கற்காலக் கருவிகளுள் பல குவார்ட்சைட் கல்லால் ஆனவை. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். தொடர்ந்து பல்லாண்டுகள் அவர் திரட்டிய தொகுப்பு, சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவர் மறைந்தபின் அச்சான அதன் பட்டியல் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. காரணம், பொருளோடு அது கிடைத்த இடமும் அதில் பதிவாகியுள்ளது.

இத்தகைய சேகரிப்பில் நாட்டமுள்ள வாடிக்கையாளர்கள் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, உரிமமின்றித் தொல்பொருள் வணிகம் செய்தல் குற்றம். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்பவும் இயலாது.

வயலிலோ ஆற்றோரத்திலோ இத்தகைய கல் கண்ணில் பட்டால், அதனைப் பெயர்க்காமல், அருகில் ஒரு நாணயத்தை அளவுக்காக வைத்துப் படமெடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்திற்கோ தெரிவியுங்கள். அக்குறிப்பே அக்கல்லின் தாய்ப்பத்திரம்.