பொறி வைக்கலாம், வேலி தாண்டலாமா?

நம்ம நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "சர்வருக்குள்ள நுழையறவனை நாமளே ஏமாத்தலாமா? சட்டம் விடுமா?"

எனக்கு உடனே கிளிஃப் ஸ்டோல்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதைத் துருவிப் போனவர், உள்ளே ஒரு திருட்டு ஆள் உலவுவதைக் கண்டுபிடித்தார். ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரிய, அவன் ரொம்ப நேரம் இணைப்பிலேயே இருக்கணும். அதனால ராணுவ ரகசியம் மாதிரி பொய்க் கோப்புகளை எழுதிக் குவித்தார். அவன் அதில் மூழ்கியிருந்தபோது, போன் லைனைத் துரத்திப் போய் ஜெர்மனியின் ஹனோவரில் பிடித்தார்கள். பெயர் மார்கஸ் ஹெஸ். கேஜிபிக்குத் தகவல் விற்ற கும்பல் அது.

இன்னைக்கு இதுக்குப் பேர் ஹனிபாட்.

சரி, எல்லை எங்கே? உங்க கம்ப்யூட்டர்ல பொய்க் கோப்பு வைக்கிறது பொதுவா குற்றமில்லை. ஆனா பதிலடின்னு அவன் கம்ப்யூட்டருக்குள்ள அனுமதியில்லாம நுழைஞ்சா, அமெரிக்காவின் 1986 கணினி மோசடிச் சட்டத்தில் நீங்களே மாட்டலாம். அதோட, ஹெஸ் மற்றவங்க கம்ப்யூட்டர்கள் வழியாத்தான் வந்தான். கோபத்துல திருப்பி அடிச்சிருந்தா, அடி வாங்கியிருப்பது ஓர் அப்பாவி.

அதனால நான் சொல்றது இதுதான்: பொறியை உங்க வீட்டுக்குள்ள வைங்க, வேலியைத் தாண்டாதீங்க.